ஆதுலர் சாலையும் அறப்போராட்டமும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. காலம் பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி. வேதம் பயிலும் மாணாக்கர்க்கு ஒரு கல்விச்சாலை, அவர்கள் உண்டு உறைய ஒரு விடுதி, அவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் நோயுற்ற காலத்தில் உதவ ஓர் ஆதுலர் சாலை என்னும் மூன்றனுக்கும் உரிய செலவுத் திட்டத்தை அக்கல்வெட்டு விரித்துரைக்கின்றது. ஆதுலர் சாலையின் பெயர் ‘வீரசோழன்’. அதில் 15 கிடக்கைகள். மருத்துவன் ஒருவன், சல்லியக்கிரியை பண்ணுவான் ஒருவன், மருந்து வேரும் விறகும் கொணர்ந்து மருந்து அடுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வான் ஒருவன். மருத்துவனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். பெண்டிர்க்கு வரையறுக்கப்பட்டது இதனிற் சிறு பகுதியே. மருத்துவனின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று கல்லில் உள்ளது. பெண்டிர் இருவரின் பெயர் இல்லை.

இக்கல்வெட்டைப் பொறித்த மன்னனின் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஊர். ஆகவே இது இம்மண்ணிலிருந்து பிறந்த ஆணை என்று பெருமை பேசிக்கொள்ள இடமுண்டு. அவ்வாறு பேசும் மேடைகளும் உண்டு. ஆயினும் அச்சாலை ஊரார் அனைவர்க்கும் திறந்து வைக்கப்பட்டதன்று. கோயிலையும் வேதக் கல்வியையும் சார்ந்தோர்க்கே உரியது. உழவனும் நெசவாளனும் நோயுற்றால் எங்குச் சென்றான் என்பதைப் பற்றிக் கல் வாய்திறக்கவில்லை. எனவே பெருமையை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, இக்கல்வெட்டில் வேறொன்றைக் காண்பது நலம். எத்தனை கிடக்கைக்கு எத்தனை பேர், அவர்க்கு எவ்வளவு கூலி என்பதை எண்ணால் எழுதிச் சுவரில் பொறித்தார்கள். கல்லில் எழுதப்பட்ட எண்ணைக் குறைப்பது அத்துணை எளிதன்று. இரவில் நோயாளர் அருகே எரிய விளக்கு ஒன்றிற்கும் அதில் வழிவகை செய்யப்பட்டிருந்தது.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, இதே தமிழகத்தில், இதே இரு கேள்விகளுக்காக மருத்துவமனைப் பணியாளர்கள் தெருவில் அமர்ந்தார்கள். எத்தனை பேர்? எவ்வளவு கூலி? அண்மைக் காலத்தில் மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது: உயிர்க்குக் காவல் உண்டா?

பாடலும் எண்ணும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் பக்கத்திருந்து பேணுபவன். மருத்துவனோடு ஒப்ப வைத்து அவனையும் நான்கில் ஒரு கூறாக வள்ளுவர் எண்ணியது எண்ணத்தக்கது. பரிமேலழகர் இன்னும் நுணுகிச் சென்று, உழைச்செல்வான்பால் இருக்க வேண்டிய பண்புகளையும் நான்காகக் காட்டுகிறார். நோயாளிபால் அன்பு, தூய்மை, சொன்னவற்றைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என அவை விரியும். இவ்வளவும் அவனிடம் எதிர்பார்க்கப்பட்டவை. அவனுக்குத் தரப்பட வேண்டியவை எவை என்பது உரையில் இல்லை. அறநூலின் எல்லை அது. அதனைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்வந்தோரும் அந்த எல்லையிலேயே நின்றுவிட்டது குறைதான்.

தமிழ்க் கவிதையில் செவிலியர் பெரும்பாலும் வெள்ளுடைத் தேவதையாகவும் வெண்புறாவாகவும் இரண்டாம் தாயாகவுமே வருகின்றனர். சங்க இலக்கியத்துச் செவிலித்தாயின் நினைவும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால், அன்பு செய்தலே அவர் தொழில் என்னும் எண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. தேவதைக்குப் பசிக்குமா, தாய் கூலி கேட்பாளா என்று எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமலே விடை சொல்லிவிடுகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் மே 12-ஆம் நாள் மெழுகுவத்தி ஏற்றிச் செவிலியர் நாள் கொண்டாடப்படுகிறது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. விளக்கேந்திய மங்கை என்று அவரைப் பாடாத பள்ளி இல்லை. ஆனால் அவ்வம்மையார் கிரிமியப் போரில் குண்டடிபட்டு மாண்டவரினும் நோயால் மாண்டவரே மிகுதி என்பதை எண்களாலும் வட்ட வரைபடங்களாலும் 1858-இல் நிறுவியவர். இங்கிலாந்தின் புள்ளியியற் கழகம் முதன்முதலாக உறுப்பினராக ஏற்றுக்கொண்ட பெண்மணி. அவர் கையில் இருந்த விளக்கைக் கவிதை எடுத்துக்கொண்டது. மற்றொரு கையில் இருந்த கணக்குப் புத்தகத்தைக் கண்டுகொள்ளவில்லை.

சென்னையில் செவிலியர் கல்வி பழமையுடையது. 1854-இல் மருத்துவச்சியர்க்கான பயிற்சியும், 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளியும் தொடங்கின. சென்னை மாகாணச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய நிறுவனத்தில் 1946-இல் செவிலியர்க்குப் பட்டப் படிப்பே வந்துவிட்டது. பள்ளிகள் இவ்வாறு பெருகியும், மக்கள் தொகையை நோக்கச் செவிலியர் தொகை அஞ்சத்தக்க அளவிற் குறைவாகவே இருந்தது. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை (தலைவர் சர் ஜோசப் போர், யுத்தம் என்னும் பொருளில் அன்று) அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவரும் 43,000 பேருக்கு ஒரு செவிலியரும் இருந்தனர் எனக் கணக்கிட்டது. ஏழு மருத்துவர்க்கு ஒரு செவிலியர்! வள்ளுவர் ஒப்ப வைத்த இரு கூறுகளுள் ஒன்று இவ்வாறு தேய்ந்து கிடந்த நிலையில்தான் நாடு விடுதலை பெற்றது.

பின்னாளில் இந்தியச் செவிலியர் மன்றம் ஒரு வரையறை செய்தது. கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒருவர், விடுப்புக்கு ஈடாக நூற்றுக்கு 30 பேர் கூடுதல் என்பது அவ்வரையறை. தாளில் எழுதப்பட்டது, கல்லில் அன்று. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியை லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதன் உயிர்நாடியைத் தொட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 பங்கு கூடுகின்றது என்பதே அது. கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டமியற்றி 2004 முதல் செவிலியர் எண்ணிக்கையைக் கட்டாயமாக்கியது. அங்கு அந்த எண் சட்டத்தில் ஏறியதற்குப் பின்னே செவிலியர் சங்கங்களின் பல்லாண்டுப் போராட்டம் இருந்தது.

வேலைநிறுத்தமும் நீதிமன்றமும்

மருத்துவமனை ஊழியர் வேலைநிறுத்தம் செய்யலாமா என்னும் வினா எழும்போதெல்லாம், நோயாளியைக் காட்டி ஊழியரின் வாயை அடைப்பது வழக்கம். இவ்வினாவின் சட்ட வரலாறு சுவையானது. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் வார்டு வேலை பார்த்த பெண்கள் இருவர், உரிய இழப்பீடின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் பொருட்டு மருத்துவமனைத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், மருத்துவமனையும் தொழில் நிறுவனமே என்று உச்சநீதிமன்றம் 1960-இல் தீர்ப்பளித்தது. 1970-இல் சஃப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் அக்கருத்து மாறியது. 1978-இல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்குத் தீர்ப்பு மீண்டும் பழைய நிலையை நிறுவியது. துடைப்பமும் படுக்கைக் கலமும் ஏந்திய இரு பெண்களின் வழக்கு நாட்டின் தொழிலாளர் சட்டத்துக்கே பொருள் வகுத்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழகத்தில் காற்று வேறு திசையில் வீசியது. 2002-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டமும், 2003 ஜூலையில் அரசு ஊழியர் ஆசிரியர் வேலைநிறுத்தத்தை ஒட்டி ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அவ்வழக்கில் 2003 ஆகஸ்டு 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ அறஉரிமையோ இல்லை என்று கூறியது. அதன்பின் அரசு மருத்துவமனையில் எழுந்த ஒவ்வொரு போராட்டமும் இத்தீர்ப்பின் நிழலிலேயே நடந்தது.

இருபத்தொரு முறைகள்

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் இயங்கச் செய்யும் திட்டம் பெரும் பயன் விளைத்தது. நிலையத்திற்கு மூன்று செவிலியர் வீதம் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். நள்ளிரவிலும் மகப்பேறு பார்க்கப்பட்டது. 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்து மகப்பேறுகளில் நூற்றுக்கு 99.6 மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தவை. 2018–20 காலத்தில் லட்சம் பேறுக்கு மகப்பேற்று இறப்பு 54. நாட்டின் பிற மாநிலங்கள் பார்த்து வியக்கும் எண்கள் இவை. அரசு விழா மேடைகளில் இவ்வெண்கள் ஒலிக்காத நாளில்லை.

ஆனால் மற்றொரு கணக்கும் உண்டு. நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் மூன்று முறை. வாரத்திற்கு 21 முறை. மூன்று செவிலியரும் வார விடுமுறை ஒரு நாள் போக ஆறு நாள் பணி செய்தால் 18 முறை. எஞ்சிய மூன்று முறைகளை யார் பார்ப்பது? அம்மூவருள் ஒருவரே. ஒருவர்க்குத் திருமணம் என்றாலும், ஒருவரே மகப்பேற்று விடுப்பில் சென்றாலும், மற்றவர் இருவரும் பன்னிரண்டு மணி நேரம் மாறி மாறி நிற்க வேண்டும். பிறர்க்குப் பேறு பார்ப்பவர் தாம் பேறுகாலத்தில் விடுப்புக் கேட்கத் தயங்கும் நிலை இக்கணக்கில் உள்ளடங்கியது. எந்த அதிகாரியும் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. கணக்கே கொடுமை செய்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இவ்விரு மாவட்டங்களில் இக்கணக்கின் சுமை எளிதிற் புலப்படும். மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர். சுண்ணாம்புக்கல் தோண்டும் குழிகளும் சிமெண்டு ஆலைகளும் லாரிகளும் நிறைந்த அரியலூர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துச் செல்கிறது; சாலை விபத்து இரவு பகல் பார்ப்பதில்லை. நெடுங்காலம் வரை இங்குப் பெருநோய் கண்டவரைத் திருச்சிக்கோ தஞ்சைக்கோ அனுப்புவதே வழக்கம். (திருச்சி மருத்துவக் கல்லூரி முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்களின் பெயர் தாங்கியது. தமிழறிஞர் ஒருவரின் பெயரால் மருத்துவக் கல்லூரி அமைந்தது இலக்கிய அன்பர்க்கு உவகை தருவது.) நிர்வாகமும் நிலைகொள்ளவில்லை. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் அதனின்று பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் திரும்பவும் பிரிந்தது. மாவட்டம் பிறந்தால் அதற்குத் தலைமை மருத்துவமனை ஒன்று வேண்டும். பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றலாம். பணியிடத்தை உருவாக்கி ஆளை அமர்த்துவது அத்துணை விரைவாக நடப்பதில்லை.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர் பணியிடங்களை ஒப்பந்த முறையில் நிரப்பியது. எழுத்துத் தேர்வு எழுதி, தரவரிசையில் வென்று வந்தவர்கள் இவர்கள். சிபாரிசால் நுழைந்தவர் அல்லர். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 257 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்ததும் காலமுறை ஊதியத்தில் நிரந்தரம் செய்யப்படும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டு ஆண்டு முடிந்தது. நிரந்தரம் ஆனவர் சிலரே.

2017 நவம்பர் 27-ஆம் நாள், மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவ இயக்குநரகம் அமைந்த டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து அமர்ந்தனர். பெரம்பலூரிலிருந்து அவ்விடத்திற்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர்; முதல் நாள் இரவுப் பேருந்தில் ஏறினால் விடியலில் சேரலாம். கைக்குழந்தையோடு வந்தவர் உண்டு. கார்த்திகைப் பனியில் திறந்த வெளியில் இரவைக் கழித்தனர். அதற்கு முன்னர் அம்மகளிருள் பெரும்பாலோர் ஊர்வலத்தில் நடந்தவரோ கொடி பிடித்தவரோ அல்லர். நிரந்தரப் பணி, ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்பவை கோரிக்கைகள். வெளியார்க்கு அது வெறும் சம்பளப் போராட்டமாகவே தோன்றியது. ஒப்பந்த முறையே ஆள்குறைவை மூடி மறைக்கும் போர்வை என்பதை உணர்ந்தோர் சிலரே. நிரந்தரப் பணியிடம் என்றால் எண்ணிக்கை வெளிப்படும். விடுப்பு, ஓய்வு, மாற்று ஆள் யாவும் கணக்கில் ஏறும். ஒப்பந்தப் பணியாளர் இருக்கும்வரை இருப்பர். போனால் அவ்விடம் காலி என்று எழுதப்படுவதும் இல்லை.

மூன்றாம் நாள், நவம்பர் 29 அன்று, பொதுநல வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைமையிலான அமர்வு, போராட்டத்தைக் கைவிட்டு உடனே பணிக்குத் திரும்புமாறு ஆணையிட்டது. செவிலியர் எழுந்து சென்றனர். வழக்குத் தொடர்ந்து நடந்தபோது இவ்வளவு குறைந்த ஊதியம் தருவது பற்றி அரசை நோக்கி வினவியதும் அதே நீதிமன்றந்தான். 2018-இல் தொகுப்பூதியம் 14,000 ரூபாயாக உயர்ந்தது. மூன்று நாள் அமர்ந்ததன் விளைவு இது எனல் மிகையாகாது. எனினும் தொகுப்பூதியம் தொகுப்பூதியமாகவே நின்றது. 21 முறையும் 18 முறையும் ஒன்றாகிவிடவில்லை.

இதற்கு முன் 2012-இல் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றின் செவிலியரும் போராடினர். சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிணைப்பத்திர முறையை ஒழிக்க வேண்டும், ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்றனர். கேரளத்தில் 2011-இல் தோன்றிய செவிலியர் சங்கத்தின் எழுச்சி அதற்குத் தூண்டுகோலாக இருந்தது. அரசு மருத்துவமனையைக் குறை கூறுவோர் தனியார் துறையின் இப்பக்கத்தையும் நோக்குதல் வேண்டும்.

மருத்துவர் எழுந்த நாள்கள்

2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை அரசு மருத்துவர்கள் நடத்திய காலவரையற்ற வேலைநிறுத்தம் இவ்வரலாற்றின் அடுத்த கட்டம். இடையே தீபாவளி வந்தது. அதே நாள்களில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் வீழ்ந்த குழந்தையை மீட்கும் பணியில் நாடே கண் வைத்திருந்தது. மருத்துவர் போராட்டச் செய்தி உள்பக்கத்திற்குச் சென்றது. 2009-ஆம் ஆண்டின் அரசாணை 354-இன்படி காலத்தோடு ஊதிய உயர்வு, பட்ட மேற்படிப்பில் அரசு மருத்துவர்க்கு இடஒதுக்கீடு முதலிய கோரிக்கைகளோடு, நோயாளர் தொகைக்கேற்ப மருத்துவர் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்பதும் ஒன்று. மருத்துவக் கல்லூரியை நடத்துவதற்கு வேண்டிய குறைந்த அளவு ஆசிரியர் எண்ணிக்கையைக் காட்டி, இதுபோதும் என்று வாளாவிருத்தல் தகாது. புறநோயாளர் வரிசையை எண்ணிப் பார்த்து ஆள் அமர்த்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். எளிய வாதந்தான். வகுப்பறைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதும், வாயிலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் வேறு வேறு.

அரசு பணிமுறிவு என எச்சரித்தது. 118 மருத்துவர்கள் தொலை ஊர்களுக்கு இடமாற்றம் செய்யப்பட்டனர். முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமியின் வேண்டுகோளை ஏற்று நவம்பர் 1 அன்று போராட்டம் கைவிடப்பட்டது. போராட்டத்தை முன்னின்று நடத்திய மருத்துவர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் மறைந்தார். அம்மாதமே உயர்நீதிமன்றம் அவ்விடமாற்ற ஆணைகளை நீக்கியது. தீர்ப்பை அவர் காணவில்லை.

அடுத்த மாதம் கொரோனாப் பெருந்தொற்று நாட்டை முடக்கியது. முன்பு எச்சரிக்கப்பட்டவர்களுக்குக் கைதட்டலும் விளக்கேற்றலும் கிடைத்தன. அந்தக் கைதட்டலின் ஒலி அடங்குமுன், 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. நள்ளிரவில் உடன் பணிபுரிந்த மருத்துவர் முன்னின்று மண்ணைத் தள்ளிக் குழியை மூட நேர்ந்தது. அந்நிகழ்ச்சிக்குப் பின் மூன்றே நாளில், 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது.

காவல் என்னும் கோரிக்கை

சட்டம் முன்பே இல்லாமல் இல்லை. மருத்துவப் பணியாளர்க்கும் நிறுவனங்கட்கும் எதிரான வன்முறையைத் தடுக்கும் தனிச் சட்டத்தைத் தமிழகம் 2008-லேயே இயற்றியது. இருந்தும் 2012 ஜனவரி 2 அன்று தூத்துக்குடியில் பெண் மருத்துவர் ஒருவர் தம் மருத்துவமனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கருவுற்ற மனைவியை இழந்த ஒருவர் தம் துயரத்தைக் கொலையாக்கினார். மாநிலமெங்கும் மருத்துவர்கள் பணியைப் புறக்கணித்தனர். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், நோயாளி ஒருவரின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். மீண்டும் புறக்கணிப்பு, மீண்டும் பேச்சுவார்த்தை, காவல் வலுப்படுத்தப்படும் என்னும் உறுதிமொழி.

இவ்விரண்டிற்கும் இடையே அதே 2024-இல், ஆகஸ்டு 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த கொடுமை நாட்டை உலுக்கியது. நெடிய இரவுப் பணிக்கிடையே கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயர்ந்த பயிற்சிப் பெண் மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். உறங்க ஓர் அறை இல்லாமையே அவரை அக்கூடத்திற்கு அனுப்பியது என்பதை இந்நாடு மறத்தலாகாது. இளநிலை மருத்துவர்கள் வாரக்கணக்கிற் போராடினர். ஆகஸ்டு 17 அன்று இந்திய மருத்துவச் சங்கத்தின் அழைப்பில் நாடு முழுதும் 24 மணி நேரப் பணி நிறுத்தம் நடந்தது. ஆகஸ்டு 20-இல் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அக்குழு ஆராய வேண்டியவை என நீதிமன்றம் வகுத்த பட்டியலில் ஆடவர் பெண்டிர்க்குத் தனித்தனி ஓய்வறை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஊர்தி வசதி, எல்லா இடங்களிலும் போதிய விளக்கு என்பவை இடம்பெற்றன. திருமுக்கூடற் கல்வெட்டில் இரவு விளக்கிற்கு வழிவகை செய்த கணக்கனை இவ்விடத்தில் நினைக்காமல் இருத்தல் அரிது.

காவலும் எண்ணிக்கையும் இருவேறு கோரிக்கைகள் போலத் தோன்றினும் வேர் ஒன்றே. ஒரு மருத்துவர் முன் நூறு பேர் நின்றால், நூறாவது ஆளிடம் பேசச் சொல் மிஞ்சுவதில்லை. நாற்பது படுக்கைக்கு ஒரு செவிலியர் நின்றால், இறக்கும் தறுவாயிலுள்ளவரின் மகனுக்கு என்ன நடக்கிறதென்று எடுத்துரைக்க எவரும் இல்லை. விளக்கம் கிடைக்காத துயரம் சினமாக மாறுகிறது. அது எந்தக் கொலையையும் நியாயப்படுத்தாது. ஆனால் வாயிலில் ஒரு காவலரை நிறுத்துவது, உள்ளே ஒரு செவிலியரைக் கூட்டுவதற்கு மாற்றாகாது. அரசுகள் முன்னதையே விரும்புகின்றன. அது விரைவானது, மலிவானது, கண்ணுக்கும் தெரிவது.

இந்நோய் ஏழை நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வட அயர்லாந்தில் 2019 டிசம்பரில் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தபோது ஊதியத்தோடு பாதுகாப்பான ஆள் எண்ணிக்கையையும் சேர்த்தே கேட்டனர். இங்கிலாந்தின் அரசச் செவிலியர் கல்லூரி தன் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் இல்லாத பெருநிறுத்தத்தை 2022 டிசம்பரில் நடத்தியது. 2023 ஜனவரியில் நியூயார்க்கு நகரின் இரு பெரிய மருத்துவமனைகளில் ஏறத்தாழ 7,000 செவிலியர் மூன்று நாள் வெளியேறி நின்றனர். அங்கே முதற் கோரிக்கையே ஆள் எண்ணிக்கைதான். இந்தியாவில் பயின்ற செவிலியர் பல்லாயிரவர் பிரித்தானிய மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். நம் நாட்டின் 18 முறையிலிருந்து தப்பிச் சென்றவர் அங்கும் அதே கணக்கைக் கண்டனர் போலும்.

அரியலூரின் கல்லூரி

2022 ஜனவரி 12-ஆம் நாள் தமிழகத்தில் ஒரே நேரத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அரியலூர். பதினொன்றிலும் சேர்த்து 1,450 இடங்கள். குழுமூர் அனிதா பிறந்த மாவட்டத்திற்கு அவர் மறைந்த ஐந்தாம் ஆண்டில் மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்கிற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நெடுங்காலமாகத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் ஓடிய மக்களுக்கு இது பெரும்பேறு. கல்லூரியோடு இணைந்துவிட்ட மருத்துவமனைக்குச் செவிலியர் மன்றத்தின் வரையறை ஐந்துக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்றாக மாறுகிறது என்பதையும் கல்லூரியைக் கொண்டாடுவோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

கல்லூரி திறந்த அதே 2022-ஆம் ஆண்டின் இறுதி நாளில், பெருந்தொற்றுக் காலத்தில் அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் செவிலியருள் 2,400 பேர் அளவில் பணி நீட்டிப்பின்றி விடுவிக்கப்பட்டனர். பாதுகாப்பு உடை அணிந்து, வீட்டிற்குச் செல்லாமல் விடுதியில் தங்கி, முதல் அலையிலும் இரண்டாம் அலையிலும் நின்றவர்கள் அவர்கள். 2023 புத்தாண்டு நாளில் சேலத்தில் கூடிப் போராடினர். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் வழி 18,000 ரூபாய் ஊதியத்தில் சொந்த மாவட்டத்திலேயே பணி தரப்படும் என்று அரசு அறிவித்தது. அதுவும் ஒப்பந்தமே. ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட வேண்டிய தாளில் அவர்கள் கையெழுத்திட்டனர், சிலர் இடவில்லை.